பாண்டிச்சேரியில் ஃபோ கிடைக்குமா?

கேள்வி: மே மாத லீவுக்குப் பாண்டிச்சேரியில் அஞ்சு நாள் தங்கப்போகிறோம். கடற்கரைக்குப் பக்கத்திலேயே ரூம் போட்டாச்சு. போன வருஷம் தனாங் போய்வந்ததிலிருந்து என் மகளுக்கு வியட்நாம் சாப்பாட்டுப் பைத்தியம். 'பாண்டியிலேயே அது கிடைக்கும்' என்று யாரோ சொல்லிவிட, அதையே பிடித்துக்கொண்டு நிற்கிறாள். நிஜமாகவே கிடைக்குமா, இல்லை நூடுல்ஸைக் கொடுத்து ஏமாற்றிவிடுவார்களா?
- வாசகி, ஈரோடு

பதில்: இரண்டும் நடக்கும். நானே ஏமாந்திருக்கிறேன். கடற்கரைச் சாலைப் பக்கம் ஒரு மாடி ஹோட்டல், பேர் வேண்டாம். மெனுவில் ஃபோ, அதாவது வியட்நாம் நூடுல்ஸ் சூப் என்று போட்டிருந்ததைப் பார்த்து ஆசையாகக் கேட்டேன். சோளமாவு கரைத்த கொழகொழ சூப்பில் மஞ்சள் நூடுல்ஸைப் போட்டு, மேலே சோயா சாஸை ஊற்றிக் கொண்டுவந்து வைத்தார்கள். ஃபோ சூப் தெளிவாக இருக்க வேண்டும், கிண்ணத்தின் அடி தெரிகிற அளவுக்கு. எலும்பை மணிக்கணக்கில் கொதிக்கவிட்டு, சுட்ட இஞ்சி, சுட்ட வெங்காயம், பட்டை, கிராம்பு, அன்னாசிப்பூ எல்லாம் போடுவார்கள், அதனால் கிண்ணம் வரும்போதே நம்மூர் பிரியாணி வாசனை லேசாக அடிக்கும். நூடுல்ஸ் அரிசியில் செய்த பட்டை நூடுல்ஸ். இந்த இரண்டும் இல்லையென்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

சரி, எங்கே தேடுவது? பாண்டியில் வியட்நாம் சாப்பாடு ஹோட்டலுக்கு வந்தது பிற்பாடுதான், அதற்கு ரொம்ப முன்னாலேயே வீடுகளுக்கு வந்துவிட்டது. பிரெஞ்சுக்காரன் 1954 வரை இங்கே இருந்தான், வியட்நாமில் இருக்கிற சைகோனும் அவன் கையில்தான் இருந்தது. 1881-இல் வந்த ஓர் ஆணைப்படி, நம் வழக்கச் சட்டத்தை விட்டு பிரெஞ்சுச் சட்டத்துக்கு மாறிக்கொண்டவர்களும் அவர்கள் பிள்ளைகளும் கிளார்க், போலீஸ், சிப்பாய் என்று கப்பல் ஏறி அங்கே போனார்கள். சிலர் அங்கேயே கல்யாணம் செய்துகொண்டு, பிற்பாடு வியட்நாம் மனைவியோடும் பிள்ளைகளோடும் ஊர் திரும்பினார்கள். பிரெஞ்சு பென்ஷன் வாங்குகிற பழைய பட்டாளத்துக்காரர்களைப் பாண்டியில் 'சொல்தா' என்பார்கள். அப்படிப்பட்ட சில வீடுகளில் ஞாயிற்றுக்கிழமை மீன்குழம்புக்குப் பக்கத்தில் சாயோவும், அதாவது சுருட்டிப் பொரித்த வியட்நாம் ரோலும் இருக்கும்.

அதனால் போர்டைப் பார்த்துத் தேடாதீர்கள். தங்குகிற இடத்துக்காரரிடம், அவர் பழைய பாண்டிக்காரராக இருந்தால், "வீட்டில் சாயோ செய்து தருகிறவர்கள் யாராவது இருக்கிறார்களா?" என்று கேளுங்கள். நெம் என்றாலும் புரியும், அது பிரெஞ்சுக்காரர்கள் வழியாக வந்த பேர். ஸ்ப்ரிங் ரோல் என்று மட்டும் கேட்காதீர்கள், சைனீஸ் கடைக்குத்தான் அனுப்பிவைப்பார்கள். முதல் நாளே சொல்லிவைப்பது நல்லது. ஒவ்வொன்றாகச் சுருட்ட வேண்டிய வேலை, சொன்னவுடனே வராது.

வந்ததும் மேல்தோலைப் பாருங்கள். அரிசித்தாளில் சுருட்டிப் பொரித்திருந்தால், சின்னச் சின்னக் கொப்புளமாகப் பொரிந்து, கடித்தால் கண்ணாடி மாதிரி நொறுங்கும். வழவழவென்று இருந்தால் மைதா. உள்ளே கொத்துக்கறியோ இறாலோ, கூடவே கண்ணாடி சேமியா, கருப்புக் காளான், கேரட். அதை அப்படியே வாயில் போடக்கூடாது, லெட்டூஸ் இலையில் புதினாவோடு வைத்து மடித்து, மீன் சாஸில் எலுமிச்சை, சர்க்கரை, பூண்டு, மிளகாய் கலந்த தண்ணியில் முக்கிச் சாப்பிட வேண்டும். இதெல்லாம் உங்கள் மகளுக்கே தெரிந்திருக்கும், எழுத ஆரம்பித்தால் எனக்குத்தான் நிறுத்த முடிவதில்லை.

கேள்வி: எங்கள் மாமியார் சுத்த சைவம். அவருக்கும் ஏதாவது தேறுமா?
- அதே வாசகி

பதில்: தேறும், ஆனால் 'வெஜ்' என்ற ஒரு வார்த்தையை நம்பாதீர்கள். காய்கறி ரோலாகவே இருந்தாலும் தொட்டுக்கொள்ளத் தருவது மீன் சாஸாக இருக்கும், அதாவது நெத்திலியும் உப்பும் மாதக்கணக்கில் ஊறி இறங்கிய சாறு. குழம்பில், சாலட்டில், எல்லாவற்றிலும் அதுதான் உப்பு. அந்த ஊரிலும் சைவம் உண்டு. 'சாய்' என்பார்கள், பௌத்தர்கள் பலர் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி அப்படித்தான் சாப்பிடுவார்கள், நம் வீட்டு விரதம் மாதிரியே. வீட்டில் சமைத்துத் தருகிறவர் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், டோஃபுவும் காளானும் வைத்து, மீன் சாஸுக்குப் பதில் சோயா சாஸ் விட்டுச் செய்துவிடுவார்கள். ஹோட்டலில் என்றால் சூப்பு எதில் கொதித்தது என்றும் கேட்க வேண்டும், கேட்டால் முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை.

கேள்வி: பாண்டி பிரெஞ்சு ரொட்டியில் பான்மி செய்யலாமா?
- வாசகர், கடலூர்

பதில்: தாராளமாக. இரண்டு ஊருக்கும் ரொட்டி கொடுத்தவன் ஒரே ஆள்தானே. சைகோன்காரர்கள் அதைப் பிளந்து உள்ளே கறியையும் ஊறுகாயையும் திணித்துப் பான்மி ஆக்கினார்கள், நாம் பிய்த்துக் கறிக்குழம்பில் முக்கினோம். பான்மி ரொட்டி லேசாக, மேலோடு மெல்லிசாக இருக்கும். பாண்டி ரொட்டி கொஞ்சம் கெட்டி, அதனால் நடுவில் இருக்கிற சதையைக் கொஞ்சம் பிய்த்து எடுத்துவிட்டு, தோசைக்கல்லில் சூடு காட்டுங்கள். கேரட், முள்ளங்கியைக் குச்சி குச்சியாக நறுக்கி வினிகர், சர்க்கரை, உப்பில் அரை மணி நேரம் போட்டுவையுங்கள். வெள்ளரி, கொத்தமல்லி, பச்சை மிளகாய், மீந்த கோழி வறுவல் இருந்தாலும் போதும்.

மார்க்கெட் பக்கம் போனால் திருநீற்றுப்பச்சிலை கிடைக்கிறதா பாருங்கள். ஃபோவுக்கு மேலே தூவுகிற துளசியும் அதே இனம்தான், நாம் சாமிக்கு மாலை கட்டியதோடு விட்டுவிட்டோம். ஈரோட்டு அம்மாவும் ஒரு கட்டு வாங்கிக்கொள்ளலாம், சூப்பு சுமாராக வந்தால் கிள்ளிப் போட்டுக்கொள்ள.