ஓடுவதால் கரு தங்காதா?

வாசகர் கேள்விகளுக்கு மதுரை மகப்பேறு மருத்துவர் ஒருவரின் பதில்கள்

எனக்கு வயது 31. வங்கியில் வேலை. கல்யாணமாகி மூன்று வருடம் ஆகிறது. ரேஸ்கோர்ஸ் ஸ்டேடியத்தில் தினமும் காலையில் 10 கிலோமீட்டர் ஓடுகிறேன், ஞாயிற்றுக்கிழமை 25. ஃபுல் மாரத்தான் ஓட வேண்டும் என்று ஆசை. 58 கிலோ இருந்தவள் இப்போது 49. ஐந்து மாதமாகப் பீரியட்ஸ் வரவில்லை. கர்ப்பம் இல்லை என்று டெஸ்ட் செய்து பார்த்தாயிற்று. ஸ்கேன் எடுத்த இடத்தில், "நீர்க்கட்டி இருக்கும்மா, வெயிட்டைக் குறைங்க, இன்னும் நல்லா எக்சர்சைஸ் பண்ணுங்க" என்றார்கள். மாமியார், "ஓடி ஓடிக் கர்ப்பப்பை எறங்கிப்போச்சு" என்கிறார். காலையில் சர்க்கரை போடாத காபி, மதியம் இரண்டு சப்பாத்தி, காய், ராத்திரி ஓட்ஸ். ஓடுவதை விட்டுவிடட்டுமா?
– வாசகி, தல்லாகுளம்

உங்கள் மாமியாரிடம் சொல்லுங்கள், கர்ப்பப்பை இருந்த இடத்தில்தான் இருக்கிறது. தசைநார்கள் அதைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. ஓடினால் அது இறங்கிவிடாது. ஆனால் ஏதோ சரியில்லை என்று அவர் பயப்படுகிறாரே, அந்தப் பயத்தை நான் தள்ளிவிட மாட்டேன். 31 வயதில் ஐந்து மாதம் தீட்டு நிற்பது சாதாரண விஷயம் இல்லை. மூன்று மாதம் வராவிட்டாலே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

நீங்கள் எழுதியதில் ஓட்டத்தைவிட உங்கள் சாப்பாடுதான் என்னைக் கவலைப்பட வைத்தது. கணக்கைப் பாருங்கள். 49 கிலோ உடம்பில் கொழுப்பைக் கழித்தால் தசை, எலும்பு, உறுப்புகள் எல்லாம் சேர்ந்து சுமார் 40 கிலோ. ஓட்டத்துக்குச் செலவானது போக, இந்த 40 கிலோவில் ஒவ்வொரு கிலோவுக்கும் தினமும் 45 கலோரி மிஞ்சினால் உடம்பு நிம்மதியாக இருக்கும். 30க்குக் கீழே போனால் பல பெண்களுக்கு ஹார்மோன் குலையத் தொடங்குகிறது. அதாவது 1,800 இருந்தால் நல்லது, 1,200க்குக் கீழே ஆபத்து. ஒரு கிலோமீட்டர் ஓடினால் உடல் எடையில் கிலோவுக்கு ஏறத்தாழ ஒரு கலோரி செலவாகும். 10 கிலோமீட்டருக்கு 500. அப்படியானால் நீங்கள் 2,300 கலோரியாவது சாப்பிட வேண்டும். நீங்கள் சொன்ன சாப்பாடு 1,300ஐத் தாண்டாது என்று நினைக்கிறேன். ஓடியது போக மிஞ்சுவது 800. ஞாயிற்றுக்கிழமை 25 கிலோமீட்டர் ஓடியபின் கிட்டத்தட்ட ஒன்றுமே மிஞ்சாது.

இந்தப் பற்றாக்குறை மூளைக்குத் தெரிந்துவிடும். கொழுப்பிலிருந்து வரும் லெப்டின் என்ற ஹார்மோன் குறையும். ஹைப்போதலாமஸ் என்ற பகுதி, பிட்யூட்டரி சுரப்பிக்கு விட்டுவிட்டு அனுப்பும் சமிக்ஞையை மெதுவாக்கும். கருமுட்டையை வளர்க்கும் எல்.எச்., எஃப்.எஸ்.எச். என்ற ஹார்மோன்கள் இரண்டும் இறங்கும்; சினைப்பையில் கருமுட்டை முதிராது; ஈஸ்ட்ரோஜன் போதிய அளவு சுரக்காது. இது கர்ப்பப்பையில் உள்ள நோய் இல்லை. பஞ்ச காலத்தில் கல்யாணத்தைத் தள்ளிப்போடும் குடும்பத்தைப் போல, கையில் இருப்பதைக் கொண்டு உயிரைக் காப்போம், பிள்ளையைப் பிறகு பார்த்துக்கொள்வோம் என்று உடம்பு முடிவெடுத்திருக்கிறது. சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி இந்த ஆற்றல் பற்றாக்குறைக்கு 2014ல் தனிப் பெயரே வைத்தது. தீட்டு நிற்பது அதில் ஒரு பகுதிதான். எலும்பு அடர்த்தி குறையும், கால் எலும்பில் மெல்லிய விரிசல் விழும், அடிக்கடி சளி பிடிக்கும், குளிர் தாங்காது, தூக்கம் கெடும். முழங்காலுக்குக் கீழே எலும்பில் ஒரே இடத்தில் வலித்தால் அலட்சியம் வேண்டாம்.

அந்த ஸ்கேன் விஷயத்தைச் சொல்லியே ஆக வேண்டும். பி.சி.ஓ.டி. எனும் நீர்க்கட்டிப் பிரச்சினை உள்ளவர்களுக்கும் சினைப்பையில் சின்னச் சின்ன முட்டைப்பைகள் தெரியும். உங்களைப் போலச் சாப்பாடு போதாமல் தீட்டு நின்றவர்களில் பலருக்கும் தெரியும். படத்தை மட்டும் பார்த்தால் குழம்பிவிடும். முன்னவருக்கு, அவர் எடை கூடியவராக இருந்தால், எடையைக் குறைத்து நன்றாக நடக்கச் சொல்வது மருந்து. உங்களுக்கு அதே அறிவுரை கெடுதல். ஒன்பது கிலோ இறங்கியவரிடம் இன்னும் குறை என்று சொல்லலாமா? எல்.எச்., எஃப்.எஸ்.எச்., ஈஸ்ட்ரடையால், தைராய்டு, புரோலாக்டின் இந்த ரத்தப் பரிசோதனைகளை எடுத்துக்கொண்டு, எவ்வளவு ஓடுகிறீர்கள், என்ன சாப்பிடுகிறீர்கள் என்பதையும் எழுதிக்கொண்டு ஒரு மகப்பேறு மருத்துவரிடம் போங்கள். கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். மாத்திரை போட்டு வரவைக்கும் தீட்டைக் கண்டு கருமுட்டை வந்துவிட்டதாக நினைத்துவிட வேண்டாம்.

டென்மார்க்கில் நடந்து 2012ல் வெளிவந்த ஒரு ஆய்வில், குழந்தைக்கு முயன்ற மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களைக் கவனித்தார்கள். எடை அதிகம் இல்லாத பெண்களில், வாரத்துக்கு ஐந்து மணி நேரமும் அதற்கு மேலும் கடுமையாகப் பயிற்சி செய்தவர்களுக்குக் கரு தங்கத் தாமதமானது. மிதமாகப் பயிற்சி செய்தவர்களுக்கு அப்படி இல்லை, கொஞ்சம் சீக்கிரமாகவே தங்கியது. அதிக எடை உள்ளவர்களுக்குக் கடுமையான பயிற்சியும் தடையாக இருக்கவில்லை. ஓடும் எல்லாப் பெண்களுக்கும் ஒரே விதி கிடையாது என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

ஆகவே ஓட்டத்தை விடச் சொல்ல மாட்டேன். ஃபுல் மாரத்தானைத் தள்ளிவையுங்கள். வாரத்தில் மூன்று நாள், நான்கைந்து கிலோமீட்டர், பேசிக்கொண்டே ஓடும் வேகம். மற்ற நாள்களில் வண்டியூர்க் கண்மாய்க் கரையில் நடந்தால் போதும். வெறும் வயிற்றில் ஓடவே கூடாது. கிளம்பும் முன் ஒரு வாழைப்பழம், வந்த அரை மணிக்குள் கேப்பைக் கஞ்சியோ முட்டையோடு இட்லியோ. மதியம் சோறு, பருப்பு, கீரை, தயிர்; அசைவம் உண்டென்றால் மீன். சாயங்காலம் ஒரு கை வேர்க்கடலை. ராத்திரிச் சாப்பாட்டை விடாதீர்கள். வெள்ளிக்கிழமை விரதம் இருப்பவரென்றால் அதையும் இப்போதைக்கு நிறுத்திவையுங்கள், மீனாட்சி கோபித்துக்கொள்ள மாட்டாள். எடை இரண்டு மூன்று கிலோ கூடும். கூடட்டும். தீட்டு திரும்பச் சில மாதங்கள் ஆகலாம். முதல் தீட்டுக்கு முன்பே கருமுட்டை வந்துவிடும் என்பதால், அது வராமலேயே கருத்தரிக்கவும் கூடும். அதனால் ஃபோலிக் ஆசிட் மாத்திரையை இப்போதே, தினம் 400 மைக்ரோகிராம், தொடங்கிவிடுங்கள்.

நானும் கணவரும் ஒன்றரை வருடமாகக் குழந்தைக்கு முயல்கிறோம். எனக்கு எல்லா டெஸ்டும் நார்மல். அவர் தினமும் அழகர்கோவில் வரை சைக்கிளில் போய் வருவார், ஜிம்முக்கும் போவார். "இவ்வளவு ஃபிட்டா இருக்கேன், எனக்கு எதுக்கு டெஸ்ட்?" என்கிறார்.
– வாசகி, திருமங்கலம்

அவரும் இதைப் படிக்கட்டும். தம்பி, உடல் வலிமைக்கும் விந்தணு எண்ணிக்கைக்கும் நேரடித் தொடர்பு இல்லை. விரைகள் உடம்பின் சூட்டைவிட 2 முதல் 4 டிகிரி குறைவாக இருந்தால்தான் விந்தணு நன்றாக உருவாகும். மணிக்கணக்காகச் சீட்டில் உட்கார்ந்து இறுக்கமான உடுப்பில் ஓட்டினால் சூடும் அழுத்தமும் சேரும். பாஸ்டனில் கருத்தரிப்பு மருத்துவமனைகளுக்கு வந்த ஆண்களிடம் நடந்த ஓர் ஆய்வில், வாரம் ஐந்து மணி நேரத்துக்கு மேல் சைக்கிள் ஓட்டியவர்களுக்கு எண்ணிக்கை குறைவாக இருந்தது. ஆனாலும் சைக்கிளைவிட நான் அதிகம் பயப்படுவது ஜிம்மில் யாராவது போட்டுவிடும் டெஸ்டோஸ்டிரோன் ஊசிக்கு. வெளியிலிருந்து ஹார்மோன் போனால் பிட்யூட்டரி தன் வேலையை நிறுத்திவிடும். விந்தணு ஒன்றுகூட இல்லாத நிலைக்கும் போகலாம். ஊசி போட்டிருந்தால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். நிறுத்தினால் பெரும்பாலோருக்குத் திரும்பும், ஆனால் பல மாதங்கள் பிடிக்கும். ஒரு விந்தணு உருவாகவே இரண்டரை மாதம் ஆகிறது.

ஒரு வருடம் முயன்றும் தங்காவிட்டால் இருவரும் சேர்ந்து பரிசோதனைக்கு வர வேண்டும். பெண்ணுக்கு 35 தாண்டியிருந்தால் ஆறே மாதம். மனைவி ரத்தம் கொடுத்து, ஸ்கேன் எடுத்து, கருக்குழாய் பார்க்கும் எக்ஸ்ரே வலியையும் தாங்கிய பிறகும் கணவர் ஒரு சின்னக் குப்பியில் மாதிரி கொடுக்க வராத குடும்பங்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வேதனையாக இருக்கிறது. இந்த வாரமே போங்கள்.

பள்ளியில் பி.டி. டீச்சராக இருக்கிறேன். நான்கு மாதம் முழுகாமல் இருக்கிறேன். கல்லூரி நாளிலிருந்து ஓடுபவள். அம்மா ஓடவே கூடாது என்கிறார். பாட்டியோ, "நாங்க நாத்து நட்டுக்கிட்டே பெத்தோம், ஓடுடி" என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?
– வாசகி, மேலூர்

முன்பே ஓடிப் பழகியவர், சிக்கல் இல்லாத கர்ப்பம் என்றால் ஓடலாம். ஓடுவதால் கரு கலையும் என்பதற்கு ஆதாரம் இல்லை. அமெரிக்க மகப்பேறு மருத்துவர் சங்கம் 1985ல் நாடித்துடிப்பு 140ஐத் தாண்டக் கூடாது என்றது. 1994ல் அந்த வரம்பைக் கைவிட்டது. இப்போது வாரத்துக்கு 150 நிமிட மிதமான பயிற்சி என்கிறார்கள். கர்ப்பத்தில் ரத்தத்தின் அளவு ஏறத்தாழ பாதி கூடிவிடும், சும்மா இருக்கும்போதே துடிப்பு ஏறியிருக்கும், ஆகவே கையில் கட்டிய வாட்சை நம்ப வேண்டாம். ஓடிக்கொண்டே ஒரு முழு வாக்கியம் பேச முடிகிறதா? அந்த வேகம் சரி.

பாட்டியின் பேச்சில் பாதி உண்மை. அவர்கள் உடம்பு உழைப்புக்குப் பழகியது. ஆனால் புனே மாவட்டக் கிராமங்களில் கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்தபோது, வயலிலும் வீட்டிலும் அதிகம் உழைத்த தாய்மாருக்குக் குழந்தை எடை குறைவாகவே பிறந்தது. அவர்கள் மெலிந்த பெண்கள். உழைப்புக்கு ஏற்ற சாப்பாடு கிடையாது. பாட்டி பெற்ற பிள்ளைகளில் எத்தனை தங்கின என்று மெதுவாகக் கேட்டுப் பாருங்கள்.

நம்மூர் வெயில்தான் எனக்குப் பெரிய கவலை. உடம்பின் உள்சூடு 39 டிகிரியைத் தொடக் கூடாது. சித்திரை, வைகாசியில் ஆறு மணி தாண்டினாலே சூரியன் சுடத் தொடங்கும். ஐந்துக்குத் தொடங்கி ஆறுக்குள் முடியுங்கள். மதியம் பிள்ளைகளோடு மைதானத்தில் ஓட வேண்டாம், நிழலில் நின்று விசில் ஊதினால் போதும். தலைமை ஆசிரியரிடம் சொன்னால் புரிந்துகொள்வார். ஹீமோகுளோபின் 11க்குக் கீழே என்றால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். மிகவும் குறைவாக இருந்தால் ஓடவே கூடாது. நஞ்சுக்கொடி கீழே இருந்தாலோ, கருப்பை வாய்க்குத் தையல் போட்டிருந்தாலோ, ரத்த அழுத்தம் ஏறியிருந்தாலோ, மூன்று கரு இருந்தாலோ ஓடக் கூடாது. ரத்தக்கசிவு, நீர்க்கசிவு, தலைசுற்றல், நெஞ்சுவலி, விட்டுவிட்டு வயிறு இறுகுவது, ஒரு கால் ஆடுசதை மட்டும் வீங்கி வலிப்பது, இவற்றில் ஒன்று வந்தாலும் அங்கேயே நிறுத்தி மருத்துவமனைக்குப் போங்கள்.

வயிறு பெரிதானதும் நடைக்கு மாறிவிடுங்கள். பிரிட்டன் மாரத்தான் வீராங்கனை பவுலா ராட்கிளிஃப் 2007 ஜனவரியில் குழந்தை பெற்று, அதே நவம்பரில் நியூயார்க் மாரத்தானை வென்றார் என்று யாராவது காட்டுவார்கள். அவருக்குப் பின்னால் ஒரு மருத்துவக் குழுவே இருந்தது. உங்களுக்கு மூன்று பீரியட் வகுப்பும் வீட்டு வேலையும் இருக்கின்றன.

சிசேரியன் ஆகி ஏழு வாரம். எப்போது ஓடலாம்? ஓடினால் பால் வற்றுமா?
– வாசகி, ஆனையூர்

பால் வற்றாது. பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு ஓடினால் மார்பு கனக்காது; தண்ணீர் கூடக் குடியுங்கள், சாப்பாட்டையும் கூட்டுங்கள். ஆனால் 12 வாரத்துக்கு முன் ஓட வேண்டாம். இப்போது நடை, இடுப்பின் அடித்தளத் தசையை இறுக்கித் தளர்த்தும் பயிற்சி, இவை போதும். தும்மும்போதோ குதிக்கும்போதோ சிறுநீர் கசிந்தால், கீழே ஏதோ இறங்குவது போலக் கனத்தால், 12 வாரம் ஆகியிருந்தாலும் ஓடத் தொடங்காதீர்கள். கூச்சப்படாமல் பிசியோதெரபிஸ்டைப் பாருங்கள்; இது சரிசெய்யக் கூடியது.