1972 மார்க் 2 அம்பாசிடருக்கு எந்த சைலன்சர் சரி?

கேள்வி: அப்பாவின் 1972 மார்க் 2 அம்பாசிடரைப் பழையபடி தயார் செய்கிறேன். சைலன்சர் பைப் முழுக்க அரித்துப் போய்விட்டது. சாதா இரும்பிலேயே போடலாமா, ஸ்டெயின்லெஸ் ஸ்டீலா, அல்லது புகை தடையில்லாமல் போகும் ஃப்ரீ ஃப்ளோவா? பிக்கப் கூடும் என்று மெக்கானிக் சொல்கிறார்.

பதில்: ஃப்ரீ ஃப்ளோ வேண்டாம். பழைய பைப் எந்த விட்டத்தில், எந்த வழியில் போனதோ அதே அளவில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் செய்யுங்கள். இன்ஜினிலிருந்து வரும் புகையைத் திரட்டிப் பைப்புக்கு அனுப்பும் வார்ப்பிரும்பு மேனிஃபோல்டை மட்டும் எக்காரணம் கொண்டும் மாற்றாதீர்கள்.

உங்கள் வண்டியில் இருப்பது பிரிட்டனின் பிஎம்சி நிறுவனம் வடிவமைத்த 1489 சிசி இன்ஜின். நான்கு சிலிண்டர் இருந்தாலும் புகை வெளியேற ஹெட்டில் (இன்ஜினின் மேல்பகுதி) மூன்று வாய்கள்தான். நடுவிலுள்ள இரண்டு சிலிண்டர்களும் ஒரே வாயைப் பங்கிட்டுக்கொள்கின்றன. ஆகவே கடைக்காரர் காட்டும் நான்கு குழாய் ஹெடர் (மேனிஃபோல்டுக்குப் பதிலாகப் போடுவது) இதில் உட்காரவே உட்காராது. இன்னொன்று, கார்புரேட்டர் மேனிஃபோல்டும் புகை மேனிஃபோல்டும் ஒரே பக்கத்தில் ஒட்டி இருக்கின்றன. கீழே இருக்கும் வார்ப்பிரும்பின் சூடுதான் மேலே போகும் பெட்ரோலை ஆவியாக்கி அனுப்புகிறது. அதை எடுத்துவிட்டால் ஊட்டிக் குளிரில் காலையில் வண்டி இடறும், திணறும். சுமார் 50 குதிரைத்திறன் உள்ள இன்ஜினுக்குப் பெரிய பைப் போட்டால் புகையின் வேகம் குறைந்து, குறைந்த ஆர்பிஎம்மில் இழுவைதான் போகும். சத்தம் கூடுவதைப் பிக்கப் கூடியதாகக் காது நினைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான்.

இனி உலோகம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. நீண்ட தூரம் ஓடும் வண்டியில் அது ஆவியாக வெளியே போய்விடும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் தெருமுனை வரை போய்த் திரும்பும் வண்டியில் சைலன்சர் சூடாகும் முன்பே இன்ஜின் நின்றுவிடுவதால், அமிலம் கலந்த அந்தத் தண்ணீர் உள்ளேயே தங்கும். அதனால்தான் செல்லமாக வைத்திருக்கும் பழைய வண்டிகளின் சைலன்சர் உள்ளிருந்து அரிக்கிறது. மேலே பெயின்ட் அடித்து இதைத் தடுக்க முடியாது. வண்டி தினமும் ஓடும் என்றால் சாதா இரும்பே போதும், காசும் மிச்சம். வாரம் ஒருமுறைதான் எடுப்பீர்கள் என்றால் 304 கிரேடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கேளுங்கள். 409 கிரேடும் கடையில் எஸ்.எஸ். என்றுதான் விற்கும். அதில் குரோமியம் 11 சதவீதத்தைச் சுற்றித்தான், மேலே துரு படரும். காந்தத்தை வைத்துப் பாருங்கள்: 409 நன்றாக ஒட்டும், 304 கிட்டத்தட்ட ஒட்டாது.

304 சூட்டில் சாதா இரும்பைவிட அதிகமாக நீளும். பழைய இரும்புப் பட்டையில் இறுக்கிக் கட்டினால் வெல்டிங் ஓரத்தில் கீறல் விடும். ஆகவே தொங்கவிடும் ரப்பர்கள் எல்லாமே புதிதாக இருக்கட்டும். மெல்லிய தகட்டுக்கு ஏற்ற டிக் (TIG) வெல்டிங் தெரிந்தவரிடம் கொடுங்கள். தகடு மிக மெல்லியதாக இருந்தால் தகரச் சத்தம் வரும். அம்பாசிடரின் அந்த அடக்கமான முனகல் எனக்கு மிகவும் பிடிக்கும், அதைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். சைலன்சரும் பழையதைப் போலவே உள்ளே தடுப்புத் தகடுகள் உள்ளதாக இருக்கட்டும். பஞ்சு அடைத்த நேர்க்குழாயில் பஞ்சு எரிய எரிய சத்தம் ஏறும்.

சட்டமும் உண்டு. சத்தத்துக்கு மோட்டார் வாகனச் சட்டம் 190(2) பிரிவில் 10,000 ரூபாய் வரை அபராதம். 2021 விதிகளின்படி 50 வயது தாண்டிய வண்டியை விண்டேஜ் என்று பதிவு செய்யலாம். ஆனால் சேசிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் இருக்கக்கூடாது. உங்கள் வண்டிக்கு அந்தத் தகுதி இருக்கும்போது மேனிஃபோல்டைக் கழற்றி வீசுவானேன்?

மாட்டும்போது மேனிஃபோல்டு பக்கத்திலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் தளர்வாகக் கோத்து, கடைசியில் இறுக்கச் சொல்லுங்கள். மேனிஃபோல்டு ஸ்டட்களுக்குப் பித்தளை நட் போட்டால் அடுத்த முறை உடையாமல் கழன்று வரும். இணைப்பில் கசியாமல் அடைக்கும் பழைய கேஸ்கட்டில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், நனைத்துத்தான் சுரண்ட வேண்டும். ஸ்டார்ட் செய்ததும் ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நீர் தெளித்துக் கசிவு பாருங்கள். அம்பாசிடர் தரைத் தகட்டில் துரு ஓட்டை சகஜம். கசியும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தரையை அடைத்த பிறகுதான் குடும்பத்தை ஏற்றுங்கள்.