நாக்கு புரளுமா என்ற கவலையை விடுங்கள் அம்மா

மகள் தமிழ் மீடியத்தில் படித்தவள், இப்போது ஜெர்மனியில் ஸ்டட்கார்ட்டிலும் அமெரிக்காவில் டெட்ராய்ட்டிலும் இருக்கிற ஆட்களைச் சேர்த்து ஒரு ப்ராஜெக்ட்டை நடத்தச் சொல்கிறார்கள், ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேர்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். ஸ்டட்கார்ட்காரருக்கும் இங்கிலீஷ் தாய்மொழி இல்லை. சின்னச் சின்ன வாக்கியமாக நிதானமாகப் பேசுகிறவரைத்தான் அவருக்கும் பிடிக்கும்.

நம் பிள்ளைகள் மாட்டிக்கொள்கிற இடம் வேறு. பெரியவர்கள் கேட்டால் மறுத்துப் பேசாதே என்று சொல்லிச் சொல்லியே வளர்த்திருக்கிறோம், அதனால் வெள்ளிக்கிழமை டிராயிங் (இன்ஜினியரிங் வரைபடம்) வந்துவிடுமா என்று கேட்டால், வராது என்று உள்ளுக்குள் நன்றாகத் தெரிந்தும் ‘வந்துடும் சார்’ என்று வாய் சொல்லிவிடுகிறது. அங்கே அவர்கள் அதை நம்பி திங்கட்கிழமை வேலைக்கு ஆள் ஒதுக்கியிருப்பார்கள். செவ்வாய்க்கிழமையே ‘வெள்ளி முடியாது, அடுத்த புதன் தருகிறேன், காரணம் இது’ என்று இரண்டு வரி மெயில் போட்டால் பெரும்பாலும் சமாளித்துக்கொள்வார்கள், வியாழன் ராத்திரி சொன்னால்தான் கோபம் வரும். உங்கள் மகள் முதலில் பழக வேண்டியது இதைத்தான்.

இன்னொன்று, ஜெர்மனிக்காரர்கள் பலர் ‘இது தப்பு’ என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார்கள், அது டிராயிங்கைப் பற்றித்தான், அவளைப் பற்றி அல்ல, அன்றைக்கு அவள் சாப்பிடாமல் படுத்தால் நீங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும். அமெரிக்கர் ‘ரொம்ப நல்லா இருக்கு, ஒரே ஒரு சின்ன யோசனை’ என்று ஆரம்பிப்பார், அந்தச் சின்ன யோசனைதான் விஷயமே. (ஆளுக்கு ஆள் மாறும், எல்லோரையும் ஒரே மாதிரி எடுத்துக்கொள்ள வேண்டாம்.)

அப்புறம் எழுத்து. 04/05 என்றால் அமெரிக்கருக்கு ஏப்ரல் 5, ஜெர்மானியருக்கு மே 4, எனவே மாதத்தைப் பெயராக எழுதட்டும். ஜெர்மனியில் 1.250 என்றால் ஆயிரத்து இருநூற்று ஐம்பது, தசமத்துக்கு அவர்கள் கமா போடுவார்கள். நம் கல்லூரியிலும் ஜெர்மனியிலும் வழக்கமாக பர்ஸ்ட் ஆங்கிள் டிராயிங் (மேலிருந்து பார்க்கிற தோற்றத்தை முன்பக்கத் தோற்றத்துக்குக் கீழே வரைவது), அமெரிக்காவில் தேர்ட் ஆங்கிள் (அதை மேலே வரைவது), அளவு மில்லிமீட்டரா அங்குலமா என்பதும் வேறு. லட்சம், கோடி அங்கே யாருக்கும் புரியாது.

மீட்டிங்குக்கு நம் மாலை 6.30 தோதான நேரம், குளிர்காலத்தில் அப்போது ஸ்டட்கார்ட்டில் மதியம் 2, டெட்ராய்ட்டில் காலை 8. ஆனால் அமெரிக்கா மார்ச் இரண்டாம் ஞாயிறன்றும், ஐரோப்பா அதே மாதம் கடைசி ஞாயிறன்றும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளும், நாம் மாற்றுவதில்லை, அதனால் இடைப்பட்ட நாட்களில் யாராவது ஒருவர் தப்பான நேரத்துக்கு வந்து உட்கார்ந்திருப்பார். முந்தின வாரமே மூன்று ஊர் நேரத்தையும் போட்டு அனுப்பட்டும்.

மீட்டிங் முடிவில் ‘புரிஞ்சுதா’ என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள், நம்மூர் ஜூனியர்கள் கூடுதலாகவே ஆட்டுவார்கள், எங்கிருந்து ஆட்டினாலும் அதற்கு மதிப்பில்லை. யார், எதை, எந்தத் தேதிக்குள் என்று அவரவர் வாயாலேயே சொல்ல வைத்து, அதையே அன்றைக்கே மெயிலாகப் போட்டுவிட வேண்டும்.

வகுப்புக்குக் கட்ட நினைத்த பணம் உங்களிடமே இருக்கட்டும், பொறுப்பு ஏற்பதற்கு முன்னால் இப்போது அந்த வேலையைப் பார்க்கிறவரோடு சில மீட்டிங்குகளில் சும்மா உட்கார்ந்து கவனிக்க அனுமதி வேண்டும் என்று மகளை மேனேஜரிடம் கேட்கச் சொல்லுங்கள், கேட்டால் பெரும்பாலும் கொடுப்பார்கள்.