கேட் வால்வைப் பாதி திறந்து வைக்கலாமா?

கேள்வி: கிணற்று மோட்டாரிலிருந்து 2 அங்குல பிவிசி குழாய் மேட்டில் உள்ள தொட்டிக்குப் போகிறது. அதிலிருந்தே சொட்டுநீருக்கும் கிளை எடுத்திருக்கிறேன். தண்ணீர் அதிகம் என்பதால் கிளையில் உள்ள கேட் வால்வைப் பாதிதான் திறப்பேன். இப்போது அது அதிர்கிறது, மூடினாலும் தண்ணீர் நிற்பதில்லை. மோட்டாரை நிறுத்தும்போது குழாய் 'டம்' என்று அடிக்கிறது. பால் வால்வு போடச் சொல்கிறார்கள். போடலாமா?

பதில்: மூடித் திறக்க மட்டும் என்றால் தாராளமாகப் போடலாம். தண்ணீரைக் குறைத்து விடுவதற்கு என்றால் அதுவும் இதே போலக் கெட்டுப்போகும்.

பழைய வால்வைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே ஆப்பு வடிவத் தகடு ஒன்று ஏறி இறங்கும். முழுவதும் ஏறிவிட்டால் தண்ணீருக்குக் குறுக்கே எதுவும் இல்லை, அழுத்தமும் அதிகம் குறையாது. பாதியில் நிறுத்தினால் தகட்டுக்கு அடியில் உள்ள இடுக்கு வழியாக மொத்தத் தண்ணீரும் சீறிப் பாயும். பிடிமானம் இல்லாத தகடு ஆடி ஆடி, மூடும்போது அது பதியும் சீட்டில் மோதும். கிணற்று மணலும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். தகட்டின் அடி விளிம்பை விரலால் தடவினால் அரித்த கோடுகள் தட்டுப்படும். அந்த வழியாகத்தான் தண்ணீர் போகிறது. மேலே உள்ள கிளாண்ட் நட்டை இறுக்கிப் பயனில்லை, அது ஸ்பிண்டில் (கைப்பிடியோடு தகட்டை இணைக்கும் தண்டு) ஓரமாக வெளியே வரும் கசிவைத்தான் நிறுத்தும்.

பால் வால்வில் துளையிட்ட உருண்டை கால் சுற்றில் மூடிக்கொள்ளும். பாதியில் வைத்தால் டெஃப்லான் வளையத்தை ஒரே பக்கமாகத் தண்ணீர் அரிக்கும்.

குறைத்து விடுவதற்கென்றே இருப்பது குளோப் வால்வு. அதன் தட்டு சீட்டின் மேல் நேராக இறங்குவதால் திருப்பத் திருப்ப ஓட்டம் சீராகக் குறையும். ஆனால் உள்ளே தண்ணீர் வளைந்து போக வேண்டியிருப்பதால், முழுவதும் திறந்தாலும் அழுத்தம் இழப்பாகும். தொட்டிக்குப் போகும் குழாயில் அது வேண்டாம். என்னைக் கேட்டால், சொட்டுநீர் வடிகட்டிக்கு முன்னால் ஒரு பைபாஸ் குழாய் எடுத்து, அதில் குளோப் வால்வு வைத்து, மிஞ்சும் தண்ணீரைக் கிணற்றுக்கே திருப்பி விடுங்கள். வால்வின் உடலில் உள்ள அம்புக்குறி தண்ணீர் போகும் திசையைப் பார்க்க வேண்டும். மோட்டாரின் சக்ஷன் பக்கத்தில் (தண்ணீரை உறிஞ்சும் பக்கம்) மட்டும் எந்த வால்வாலும் தண்ணீரைக் குறைக்காதீர்கள். அங்கே அழுத்தம் தாழ்ந்தால் நீராவிக் குமிழ்கள் உண்டாகி, உள்ளே சுழன்று தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லரை அரித்துவிடும்.

அந்த 'டம்' சத்தம் பெரும்பாலும் நான் ரிட்டர்ன் வால்வில் (தண்ணீரைத் திரும்ப விடாமல் தடுக்கும் வால்வு) எழுவது. மோட்டார் நின்றதும் மேட்டிலிருந்து தண்ணீர் திரும்பி ஓடத் தொடங்கும். அதன் பிறகே வால்வின் மடல் அறைந்து சாத்துகிறது. விநாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் ஓடும் தண்ணீர் சட்டென்று நின்றால் இரும்புக் குழாயில் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 10 கிலோவுக்கு மேல் அழுத்தம் எகிறும். பிவிசி நெகிழ்ந்து கொடுப்பதால் அதில் 3 முதல் 5 கிலோ வரை. ஒட்டிய மூட்டுகள் பிரிய அதுவே போதும். ஸ்பிரிங் வைத்த நான் ரிட்டர்ன் வால்வாக மாற்றுங்கள். தண்ணீர் திரும்புவதற்கு முன்பே அது மூடிக்கொள்ளும். பால் வால்வு போட்டால் அதையும் மெதுவாகத்தான் மூட வேண்டும்.

புதிய கேட் வால்வு வாங்கினால் முழுவதும் திறந்தபின் கால் சுற்று பின்னால் திருப்பி விடுங்கள். மாதம் ஒருமுறை மூடித் திறந்து வாருங்கள். உப்புத் தண்ணீராக இருந்தாலும் ஸ்பிண்டில் இறுகிப்போகாது.