ஏழு ஸ்ட்ரிங் கிட்டாரை டிராப் ஏ-வுக்கு (தடித்த ஏழாவது ஸ்ட்ரிங்கை மட்டும் பி-யிலிருந்து ஏ சுருதிக்கு) இறக்கினால் சத்தம் கொழகொழவென்று வருகிறது. மெட்டல் வாசிக்க எட்டு ஸ்ட்ரிங் வாங்கித்தான் ஆக வேண்டுமா?

வேண்டாம். முதலில் ஒரே ஒரு ஸ்ட்ரிங்கை மாற்றிப் பாருங்கள்.

கிட்டாரைப் பற்றி நீங்கள் எதுவும் சொல்லவில்லை. 25.5 இன்ச் ஸ்கேல் (ஸ்ட்ரிங் அதிரும் நீளம்), கடையிலிருந்து வந்தபோது போட்டிருந்த 10–59 செட் (ஸ்ட்ரிங்கின் தடிமன், இன்ச்சில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கு), பெட்ரூமில் ஒரு சின்ன ஆம்ப், அதில் கெயின் (உறுமலைக் கூட்டும் திருகு) முழுக்க ஏற்றி மிட்ஸை (நடு அதிர்வெண்களை)ப் பூஜ்யத்தில் வைத்திருப்பீர்கள் என்று நானாகவே நினைத்துக்கொள்கிறேன். ஏழு ஸ்ட்ரிங் வாங்கிய புதிதில் பாதிப் பேர் இப்படித்தான் வைத்திருப்பார்கள்.

அந்த 59, ஏழாவது ஸ்ட்ரிங்கின் வழக்கமான பி சுருதிக்குப் போடுவது. பி என்பது 61.7 ஹெர்ட்ஸ், ஏ 55 ஹெர்ட்ஸ். கேட்க சின்ன வித்தியாசம்தான், ஆனால் ஸ்ட்ரிங்கின் இழுவிசை அதிர்வெண்ணின் வர்க்கத்தைப் பொறுத்துக் குறையும். ஏ-வுக்கு இறக்கினாலே 20 சதவீதம் போச்சு. இன்னும் அரை டோன் இறக்கி ஜி ஷார்ப் வரை போனால் 30. அப்புறம் ஸ்ட்ரிங் தொளதொளவென்று ஆகிவிடும். பிக் பட்ட வேகத்தில் சுருதி மேலே ஏறி, பிறகு மெதுவாக ஏ-வுக்கு வந்து உட்காரும். ட்யூனரில் பச்சை விளக்கு எரியும், காது மட்டும் ஒத்துக்கொள்ளாது. வேகமான ரிஃபில் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் வரியில்) அது வந்து உட்காரவே நேரம் இருக்காது.

பழைய இழுவிசை திரும்ப வேண்டுமென்றால் கணக்குப்படி ஏ-வுக்கு 66, ஜி ஷார்ப்புக்கு 70. 27 இன்ச் ஸ்கேல் இருந்தால் ஏ-வுக்கு 62 போதும். தடித்த ஸ்ட்ரிங் நட்டின் (கழுத்து நுனியில் ஸ்ட்ரிங் உட்காரும் பட்டையின்) காடியில் உட்காராது, லேசாக ராவ வேண்டியிருக்கும். இன்டோனேஷனுக்கு (எல்லா ஃபிரெட்டிலும் சுருதி சரியாக வர) பிரிட்ஜில் ஸ்ட்ரிங்கைத் தாங்கும் சேடிலைப் பின்னால் தள்ள இடமில்லாமல் முட்டினால், அதை நகர்த்தும் திருகில் இருக்கும் ஸ்பிரிங்கைக் கழற்றினால் கொஞ்சம் இடம் கிடைக்கும். உங்களுடையது மிதக்கும் பிரிட்ஜ் (ஸ்பிரிங் இழுவையில் நிற்பது) என்றால், ஒரு ஸ்ட்ரிங்கை இறக்கினாலே மற்ற ஆறும் சுருதி ஏறிவிடும். அதைத் தனிக் கேள்வியாகக் கேளுங்கள், இங்கே ஆரம்பித்தால் முடியாது.

இதைப் படித்துவிட்டு "வாசிக்கத் தெரியாதவன்தான் ட்யூனிங்கை இறக்கி ஒற்றை விரலில் பவர் கார்ட் போடுவான்" என்று கமெண்டில் எழுத ஒருவர் வருவார் என்று தெரியும். அவருக்கு முன்கூட்டியே ஒரு வார்த்தை. 1990-ல் ஐபனெஸ் கம்பெனி ஏழு ஸ்ட்ரிங் கிட்டாரைச் சந்தைக்குக் கொண்டுவந்தது ராக் கிட்டார் வித்வான் ஸ்டீவ் வாய்க்காக. அவருக்கு வாசிக்கத் தெரியாது என்று சொல்லுங்கள் பார்ப்போம். அதே வகைக் கிட்டாரை, அதே 25.5 இன்ச் ஸ்கேலில், எல்லா ஸ்ட்ரிங்கையும் ஒரு டோன் இறக்கி ஏழாவதை ஏ-வில் வைத்துத்தான் கார்ன் என்ற மெட்டல் பேண்ட் 1994-ல் முதல் ஆல்பத்தைப் போட்டார்கள். கலிஃபோர்னியாவின் பேக்கர்ஸ்ஃபீல்டிலிருந்து வந்த பையன்கள். பிடிக்குமா பிடிக்காதா என்பது வேறு விஷயம் (எனக்கு ஓரளவுதான்), சத்தம் கொழகொழ என்று இருக்கிறதா?

அந்த ஆல்பத்தில் பேஸ் கிட்டாரைக் கவனித்துக் கேளுங்கள். டக் டக் என்று ஸ்ட்ரிங் ஃபிரெட்டில் அடிபடுவதும் அடி ஆழமும்தான் இருக்கும். நடு அதிர்வெண்களை கிட்டாருக்கு விட்டுவிட்டார்கள். உங்கள் ஏழாவது ஸ்ட்ரிங்கின் ஏ-வும் பேஸ் கிட்டாரின் ஓப்பன் ஏ-வும் ஒரே 55 ஹெர்ட்ஸ். யாராவது ஒருவர் விலகிக்கொள்ளாவிட்டால் இரண்டுமே கேட்காது.

எனக்கு இது உறைத்தது கோயம்புத்தூரில் ஒரு கல்லூரி கல்ச்சுரல்ஸில். ஏழு ஸ்ட்ரிங், டிராப் ஏ. மேடைக்கு இரண்டு பக்கமும் சப்வூஃபர்கள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. சவுண்ட்செக்கில் முதல் பாம் மியூட் (உள்ளங்கையை ஸ்ட்ரிங்கில் வைத்து அமுக்கி வாசிப்பது) அடித்ததும் மேடைப் பலகை அதிர்ந்ததே தவிர என்ன நோட் என்று யாருக்கும் தெரியவில்லை. மிக்சரில் இருந்தவரிடம் போய், "அண்ணா, கிட்டார் சேனல்ல 80-க்குக் கீழ மொத்தமா கட் பண்ணிடுங்க" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "தம்பி, ஹெவியா வேணும்னு நீதான் சொல்ற, அப்புறம் நீயே அடியக் குறைக்கச் சொல்ற?" நியாயமான கேள்வி. முகத்தைச் சுளித்துக்கொண்டே பட்டனை அமுக்கினார். அடுத்த ரிஃபில் ஒவ்வொரு நோட்டும் தனித்தனியாக வந்து விழுந்தது. அதற்குப் பிறகு வந்த பேண்டுக்கெல்லாம் கேட்காமலேயே அமுக்கினார், அதையும் பார்த்தேன்.

55-ஐ வெட்டிவிட்டால் ஏ எப்படிக் கேட்கும் என்று சண்டைக்கு வராதீர்கள். 110, 165, 220 என்று மேலே இருக்கும் ஓவர்டோன்களை வைத்து மூளையே அடி சுருதியை நிரப்பிக்கொள்ளும். உங்கள் போன் ஸ்பீக்கரால் 55 ஹெர்ட்ஸைத் தரவே முடியாது, ஆனாலும் அதில் மெட்டல் கேட்கிறீர்கள் அல்லவா?

வீட்டில் மிக்சர் இல்லையென்றால் ஒரு டியூப் ஸ்க்ரீமர் வகை ஓவர்டிரைவ் பெடலை (காலால் அமுக்கும் எஃபெக்ட் பெட்டி) ஆம்புக்கு முன்னால் வையுங்கள். டிரைவ் கிட்டத்தட்ட பூஜ்யம், லெவல் அதிகம். சுமார் 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே போகப் போகக் குறைத்துத்தான் அது சத்தத்தைக் கிளிப் செய்யும் (அலையின் முனையை வெட்டி உறும வைக்கும்). அதனால் ஆம்புக்குள் அடி அதிகமாகப் போய்க் குழம்பாது. அப்படியே ஆம்பின் கெயினைப் பாதியாக்கி, மிட்ஸை ஏற்றுங்கள். தனியாக வாசிக்கும்போது ஒல்லியாகத் தெரியும், டிரம்ஸும் பேஸும் சேர்ந்ததும் சரியாகிவிடும். என் காதுக்குச் சரிப்பட்டது இது, எல்லோருக்கும் இதே என்று சொல்லவில்லை.

அந்தக் கல்ச்சுரல்ஸில் பரிசு எங்களுக்கு இல்லை. நடுவராக வந்தவர் மைக்கைப் பிடித்து, "ஏழு கம்பி எதுக்குப்பா, ஆறையே ஒழுங்கா வாசிச்சா போதாதா?" என்றார், கூட்டம் சிரித்தது. பரிசு சினிமாப் பாட்டு மேஷப் போட்டவர்களுக்கு. நன்றாகத்தான் பாடினார்கள், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் "வெஸ்டர்ன் பேண்ட்" என்று போட்டி வைத்துவிட்டு டபுள் பெடல் இல்லாத டிரம்ஸைத் தருவது, வயர் மாட்டும் நேரத்தையும் சேர்த்துப் பன்னிரண்டே நிமிடம் என்பது, மெட்டல் பேண்டையெல்லாம் பார்த்து மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஏற்றுவது, இதையெல்லாம் எந்தக் கமிட்டியாவது ஒருநாள் யோசிக்குமா? தமிழ்நாட்டில் நான் ஏறிய எல்லாக் கல்லூரி மேடையிலும் இதே கதை.

சரி, 66-ஐ வாங்கும்போது இரண்டாக வாங்கிவையுங்கள், ஆன்லைனில். எங்கள் ஏரியா கடையில் கேட்டால் பேஸ் ஸ்ட்ரிங்கை எடுத்து நீட்டுகிறார்கள்.