கீசருக்கு ஆயுசு எவ்வளவு?

கேள்வி: கீசர் வாங்கி 4 வருஷம்தான் ஆகிறது, அதற்குள் டேங்க் ஒழுகுகிறது. மாமியாரின் கிரைண்டரோ 25 வருஷமாக ஓடுகிறது. இப்போது வரும் பொருளெல்லாம் மட்டம்தானா?
- ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: கீசரைத் திட்டுவதற்கு முன்னால் உங்கள் வீட்டுத் தண்ணீரைப் பாருங்கள். போர் தண்ணீர்தானே? டேங்க் வைத்த கீசர் சாதாரணமாக 8 முதல் 12 வருஷம் வரும், உப்புத் தண்ணீர் என்றால் அதில் பாதி தாண்டுவதே பெரிய விஷயம். உள்ளே மெக்னீசியக் கம்பி ஒன்று இருக்கும், ஆனோடு ராடு என்பார்கள். டேங்கின் இரும்பு அரிக்காமல் இருக்க அது தன்னையே கரைத்துக்கொள்ளும், அது தீர்ந்துவிட்டால் அரிப்பு அடுத்து டேங்கைத்தான் பிடிக்கும். வருஷத்துக்கு ஒருமுறை கழற்றிப் பார்த்து, மெலிந்திருந்தால் மாற்றிவிட வேண்டும். யார் செய்கிறோம், சொல்லுங்கள்!

சரி, ஒழுகும் டேங்கை ஒட்டித் தருகிறேன் என்று யாராவது வந்தால் நம்பாதீர்கள், புதிதுதான் வாங்க வேண்டும். டேங்குக்குத் தனியாக எத்தனை வருஷம் வாரண்டி என்று கேட்டு வாங்குங்கள். அப்புறம், சூட்டை 50, 55 டிகிரியோடு நிறுத்துங்கள், ஏற்ற ஏற்ற உப்பு வேகமாகப் படியும்.

கிரைண்டர் கதை வேறு. கல் லேசில் தேயாது, பெல்ட் அறுந்தால் மாற்றலாம், மோட்டார் எரிந்தால் காயில் கட்டலாம். அந்த 25 வருஷத்தில் எத்தனை பெல்ட் மாறியது என்று மாமியாரிடமே கேட்டுப் பாருங்களேன்.