அடையும் தண்ணீரும்

அன்புள்ள அண்ணனுக்கு,

திருநெல்வேலிப் பக்கம் ஒரு சபையில் வாலிபர் கூட்டம் நடத்தி வருகிறேன். போன ஞாயிறு கூட்டம் முடிந்ததும் பிளஸ் ஒன் படிக்கும் பையன் ஒருவன் தனியே வந்தான். "உயிரோட இருக்கவே பிடிக்கல அண்ணா, வீட்ல சொல்லிடாதீங்க" என்றான். தலையில் கை வைத்து ஜெபித்து அனுப்பிவிட்டேன். அன்றிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. பெயர் சொல்லாமல் சபை மூப்பர் ஒருவரிடம் கேட்டேன். "விசுவாசக் குறைவு, மூன்று நாள் உபவாசம் இருக்கச் சொல்" என்கிறார். டாக்டரிடம் அனுப்பினால் நான் நம்பிக்கை இல்லாதவன் ஆகிவிடுவேனா?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

கடிதம் கிடைத்த இரவே போனில் பேசிவிட்டோம். உங்களைப் போல இன்னும் பலர் இருப்பார்கள் என்பதால், உங்கள் சம்மதத்தோடு இங்கேயும் எழுதுகிறேன்.

வீட்டில் சொல்ல முடியாததை உங்களிடம் சொல்ல அவனுக்கு முடிந்திருக்கிறது. அதற்கு உங்கள் கூட்டம்தான் இடம் கொடுத்தது. ஆனால் இந்த ரகசியத்தை நீங்கள் காக்கக் கூடாது. "உன்னை இழக்க என்னால் முடியாது, அதனால் அம்மாவிடம் சொல்லப் போகிறேன், நீயும் கூட இரு" என்று அவனிடமே சொல்லிவிட்டுச் சொல்லுங்கள். சாகும் எண்ணம் இருக்கிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. வீட்டில் பூச்சிமருந்து, மாத்திரை எது இருந்தாலும் அவன் கைக்கு எட்டாமல் பூட்டி வைக்கச் சொல்லுங்கள்.

உபவாசம் பற்றி மூப்பர் சொன்னது எனக்கு மிகுந்த வருத்தம் தந்தது. எனக்குப் பதினேழு வயதில் இதே 'விசுவாசக் குறைவு' என்ற பேச்சைக் கேட்டேன். அதன்பின் பல வருடம் யாரிடமும் வாய் திறக்கவில்லை.

பைபிளில் 1 இராஜாக்கள் 19-ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். முந்தின அதிகாரத்தில் கர்மேல் மலையில் வானத்திலிருந்து அக்கினியை இறங்க வைத்த தீர்க்கதரிசி எலியா, இந்த அதிகாரத்திலேயே சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து சாக வேண்டும் என்று கேட்கிறார். எலியாவுக்கா விசுவாசக் குறைவு? அங்கே வந்த தேவதூதன் அவரைக் கடிந்துகொள்ளவில்லை, உபவாசமும் சொல்லவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் தலைமாட்டில் இருந்தன. சாப்பிட்டார், மறுபடி தூங்கினார். தூதன் இரண்டாம் முறையும் தட்டி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். ஓரேப் மலையில் கர்த்தர் பேசியதெல்லாம் அதற்கு அப்புறம்தான். 'நான் ஒருவன்தான் மீதி' என்று புலம்பியவருக்கு, கூட நடக்க எலிசாவும் கிடைத்தார்.

வளரும் பையன் அவன், ஏற்கெனவே சரியாகச் சாப்பிடுவதில்லை என்று போனில் சொன்னீர்கள். அவனைப் பட்டினி போட வேண்டாம். உபவாசம் இருக்க வேண்டுமென்றால் அவனுக்காக நீங்கள் இருங்கள்.

டாக்டர் என்றதும் வீட்டில் "போலீஸ், கேஸ்" என்று பயப்படலாம். மனம் தாங்காமல் தற்கொலைக்கு முயன்றவரையே குற்றவாளியாகப் பார்க்காமல் கடும் மனஅழுத்தத்தில் இருந்தவராகத்தான் 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் பார்க்கிறது. இவன் உதவிதான் கேட்டிருக்கிறான். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, இரவிலும் கட்டணமின்றிப் பேசலாம், தமிழிலும் பேசுவார்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனால் மனநலப் பிரிவு இருக்கும். முதல் தடவை நீங்களும் கூடப் போங்கள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து எவ்வளவு வேண்டுமானாலும் ஜெபியுங்கள்.

குணமாகி வந்ததும் அவனைச் சபை முன் நிறுத்திச் சாட்சி சொல்லச் சொல்லாதீர்கள். சொல்வதா வேண்டாமா என்பது அவன் முடிவு. இப்போதைக்கு, ராத்திரி சாப்பிட்டானா, தூங்கினானா என்று தினமும் ஒரு போன் போடுங்கள்.

அன்புடன்,
அண்ணன்